"புத்தம் புதுசு"ன்னு சொல்லி வித்த பழைய லெப்டொப்: 138,000 ரூபா போச்சு, கவனமா இருங்க

138,000 ரூபா. எங்க அம்மாவோட ஈபிஎப் காசு. அதைக் குடுத்து தங்கச்சிக்கு வாங்குன "பிராண்ட் நியூ" லெப்டொப், யாரோ வருஷக்கணக்கா பாவிச்சுத் தள்ளிவிட்டது. இன்னைக்குப் பின்னேரமும் அந்தக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுட்டு வெறுங்கையோட வந்திருக்கேன். ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடணும். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசில சொல்றேன்.

கடை பேர் போடல. போட்டா கேஸ் போடுவோம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. நுவரெலியா மாவட்டத்துல ஒரு டவுன், மாடிப்படி ஏறிப் போற கம்பியூட்டர் கடை. பேஸ்புக்ல "கெம்பஸ் பிள்ளைகளுக்கு விசேட விலை"ன்னு தமிழ்லயே விளம்பரம் போடுறவங்க. இவ்வளவு போதும்.

தங்கச்சிக்குப் பேராதனை கெம்பஸ் கிடைச்சிருக்கு. எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன்ல இருந்து கெம்பஸ் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிடலாம். அம்மா வேலையை விட்டு நின்னப்போ நாட்சம்பளம் 1,350. கொழுந்து கிலோ குறைஞ்சா அதுலயும் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம் தான். கணக்குப் போட்டுப் பாருங்க: 138,000ன்னா நூறு நாளுக்கு மேல மலையில நின்ன காசு, அதுவும் ஒரு நாள் கூட அரைப் பேர் விழாம.

கடையில அம்மா தான் முதல்ல கேட்டாங்க. "இது புதுசு தானே தம்பி, யாரும் பாவிச்சது இல்லையே?" கவுண்டர்ல நின்ன தம்பி பதில் சொல்லாம, எந்தத் தோட்டம்னு கேட்டாரு. அம்மா சொன்னதும் அவர் முகமே மாறிடுச்சு. "அட, எங்க மாமா வீடு அங்க தானே அம்மா, மேல் லயத்துல. நானும் தோட்டத்துப் பிள்ளை தான். உங்களுக்குப் பொய் சொல்லிட்டு நான் எங்க போறது? சீல் உடைக்காத பெட்டி, நீங்களே வெட்டுங்க"ன்னு கத்தரிக்கோலை அம்மா கையில குடுத்தாரு. அம்மா பெட்டியை மடியில வச்சுக்கிட்டு, உள்ள இருக்கிறதுல கீறல் விழுந்திடக் கூடாதுன்னு டேப்பை ஓரமாப் பிடிச்சு மெதுவா வெட்டுனாங்க. கொழுந்துக் கறை இன்னும் போகாத விரல். உள்ள பிளாஸ்டிக் உறை, ஸ்கிரீன்ல ஒட்டுன தாள், எல்லாம் புதுசு மாதிரியே. அதுக்கு மேல யாருக்குங்க சந்தேகம் வரும்? சாதி சனம் மாதிரிப் பேசுற பிள்ளைகிட்ட "நிஜமாவா?"ன்னு திருப்பிக் கேக்க எங்க அம்மாவுக்கு வாய் வராது. அது தெரிஞ்சு தான் அந்தப் பேச்சே பேசுறாங்க. தமிழ் பேசுற பிள்ளைகளைக் கவுண்டர்ல நிறுத்துறதும் அதுக்குத் தானோ என்னவோ.

பேங்க் கவரோட அம்மா நீட்டுன காசை ரெண்டு தரம் எண்ணி வாங்குனாங்க. பில்லை அரை நிமிஷத்துல எழுதிக் குடுத்தாங்க. "லெப்டொப் 1, 138,000." அவ்வளவு தான். புதுசுன்னும் இல்ல, சீரியல் நம்பரும் இல்ல. வாயால ஒரு வருஷ வொரண்டின்னு சொன்னது, பில்லுக்குப் பின்னால சீல்ல "செக்கிங் வொரண்டி 7 நாள்"னு ஆயிடுச்சு, அதுவும் இங்கிலீஷ்ல.

கெம்பஸ் போனதுமே பெட்டரி ஒரு மணித்தியாலம் கூட நிக்கல. லெக்சர் பாதியில அணைஞ்சு போகுது. தங்கச்சியோட பெட்ச் பொடியன் ஒருத்தர் பெட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்திருக்காரு. 600 தடவைக்கு மேல சார்ஜ் ஏறி இறங்குன பெட்டரி, புதுசா இருந்தப்போ பிடிச்சதுல பாதி கூட இப்போ பிடிக்கிறதில்ல. திருப்பிப் போட்டுப் பார்த்தா ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கு. பெட்டியில இருக்கிற சீரியல் நம்பர் ஒண்ணு, லெப்டொப் அடியில இருக்கிறது வேற ஒண்ணு. அடியில இருக்கிற நம்பரை கொம்பனி வெப்சைட்ல போட்டா வொரண்டி 2022லேயே முடிஞ்சதுன்னு வருது. 2022ல தங்கச்சி ஓஎல் பரீட்சை கூட எழுதல.

கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனோம். முதல்ல, "அந்த ரிப்போர்ட் எல்லாம் பிழையாத்தான் காட்டும் மிஸ்." அப்புறம், "ஏழு நாள் முடிஞ்சுதே." அப்புறம், "போஸ் டுபாய் போயிருக்காரு, வந்ததும் பேசுறோம்." போஸ்னா கடை முதலாளி. வட்ஸ்அப்ல ரெண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. வேற நம்பர்ல இருந்து எடுத்தா உடனே எடுப்பாங்க, என் குரல் கேட்டதும் லைன் கட். அந்தத் தோட்டத்துப் பிள்ளை இருக்காரே, அவர்கிட்ட நேராக் கேட்டேன், "உங்க மாமா வீட்டு ஆளுங்களுக்கும் இப்படித் தான் விப்பீங்களா தம்பி?" தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அக்கா, நான் சம்பளத்துக்கு நிக்கிறவன்"னாரு. அவரைத் திட்டி என்ன பண்ண?

இன்னைக்கு ஒரு வழியா போஸைப் பிடிச்சேன். அவர் சொன்னது தான் எனக்குப் பொறுக்கல. "லெப்டொப் வேலை செய்யுது தானே மிஸ்? வேலை செய்ற சாமான்ல உங்களுக்கு என்ன நட்டம்? பாவப்பட்ட குடும்பம்னு சொல்றீங்க, உதவியா 15,000 தாறேன். விஷயத்தை இதோட விடுங்க."

உதவியாம்! நாங்க கடன் கேட்டா போனோம்? பழசுன்னு சொல்லிப் பழசு விலைக்கு வித்திருந்தா, வாங்குறதா வேணாமான்னு நாங்க முடிவெடுத்திருப்போம். பெட்டரி போகும்னு தெரிஞ்சே வாங்குற ஆளுங்களும் இருக்காங்க, அது அவங்க இஷ்டம். இங்க அந்த முடிவையே எங்ககிட்ட இருந்து பறிச்சுட்டாங்க. சாமான் ஓடுதா ஓடலையாங்கிறது வேற பேச்சு. சொன்னது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு, அந்த வித்தியாசம் தான் நட்டம். அதோட பெட்டரி செத்து அசைன்மென்ட் பிந்திப் புள்ளி வெட்டுப்பட்டதுக்கும், கண்டிக்கும் இங்கயும் பஸ் ஏறித் திரிஞ்சதுக்கும் யார் கணக்குப் பார்க்கிறது? 138,000மும் திரும்பி வரணும், அதுக்கு மேல நட்டஈடும் வரணும். இது தர்மம் கேக்குறது இல்ல.

சட்டமும் நம்ம பக்கம் தான் இருக்கு. 1977ங்கிற நம்பருக்கு கோல் எடுத்தேன், அது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. அவங்களோடது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம். சாமானோட தரம், வகை பத்திப் பொய் சொல்லி வியாபாரி விக்கக் கூடாதுன்னு 31ஆம் பிரிவு சொல்லுது. விசாரிச்சுப் பிழைன்னு கண்டா நட்டஈடு குடுக்கவோ, சாமானை மாத்திக் குடுக்கவோ, காசைத் திருப்பவோ உத்தரவு போட 13ஆம் பிரிவுல இடம் இருக்கு. ஆனா அதுலயே ஒரு விஷயம் இருக்கு, இதை நல்லாக் கேட்டுக்கோங்க: வாங்குன நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல முறைப்பாடு குடுக்கணும்.

இதைக் கேட்டதும் தான் எனக்கு உறைச்சது. போஸ் டுபாய்ல, அடுத்த கிழமை வாங்க, தீபாவளி முடியட்டும், பார்ட்ஸ் கொழும்புல இருந்து வரணும், எல்லாம் எதுக்கு? நாளைக் கடத்துறதுக்கு. மூணு மாசம் தாண்டிட்டா அப்புறம் சிரிச்சுக்கிட்டே டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க. எங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கு. நாளைக்கே ரெஜிஸ்டர் தபால்ல போடுறேன்.

என்ன பார்க்கணும்னு சொல்றேன்னேனே, அவசரமா எழுதுறேன், கரண்ட் வேற போயிட்டுப் போயிட்டு வருது. பில்லுல "புதியது"ன்னும் சீரியல் நம்பரும் எழுத வையுங்க. கேட்டா பற்றுச்சீட்டு குடுக்கத் தான் வேணும், அதுவும் சட்டம். பெட்டி நம்பரும் மெஷின் நம்பரும் ஒண்ணான்னு கடையிலயே பாருங்க. விண்டோஸ் லெப்டொப்னா கமாண்ட் ப்ரொம்ப்ட்ல "பவர்சிஎப்ஜி ஸ்லாஷ் பெட்டரிரிப்போர்ட்"னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு ரிப்போர்ட் பைல் சேவ் ஆகும், அதைத் திறந்தா எத்தனை தரம் சார்ஜ் ஏறுச்சுன்னு அனேகமா இருக்கும். போன்னா ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ஐஎம்இஐ நம்பரை (போனோட அடையாள நம்பர்) எடுத்து 1909க்கு எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்க, அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவோட நம்பர், பதிவான போனான்னு தெரியும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்க, நாங்க சண்டை போட்ட அன்னைக்கு ராத்திரியே அவங்க அந்த போஸ்டை அழிச்சுட்டாங்க. நல்லவேளை தங்கச்சி போன்ல இருந்துச்சு.

இந்தப் பக்கத்து டவுன்கள்ல மாடிக் கடையில இதே மாதிரி மாட்டுனவங்க இருந்தா பில் போட்டோவோட இன்பொக்ஸ் வாங்க. உங்க மூணு மாசம் முடியலைன்னா இந்தக் கிழமைக்குள்ளயே வாங்க. என் கடிதம் நாளைக்கே போயிடும், உங்களதையும் அதே மாதிரி எழுதி அனுப்பலாம், தபால் செலவு என்னோடது.