மழைக்கோட்டு ஜாக்கெட்டுக்கு மேலேயா, உள்ளேயா?

சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். நவம்பரில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் செங்கல்பட்டில் வெயில் காயும், மேல்மருவத்தூரில் கொட்டும், விக்கிரவாண்டியில் தார் காய்ந்து கிடக்கும், உளுந்தூர்பேட்டையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அப்படித்தான். அரை மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடும், பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மேகம் காத்திருக்கும். குளிர்தேசத்துக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மழை உடை வாங்கினால் இங்கே ஏமாந்துபோவோம். அவர்களுக்குக் குளிர்தான் பிரச்சினை. நமக்கு மழையும் வியர்வையும் மாறி மாறி வருவதுதான் பிரச்சினை.

கடையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பைக் ஓட்டும்போது போடும் ரைடிங் ஜாக்கெட்டுக்கு உள்ளே ஜிப் வைத்து மாட்டும் நீர்புகா உள்ளடுக்கு, அதாவது லைனர். ஜாக்கெட்டின் மேல்துணியோடேயே நீர்புகாப் படலம் ஒட்டிய லேமினேட் வகை. எல்லாவற்றுக்கும் மேலே போடும் சாதாரண மழைக்கோட்டும் பேண்ட்டும். மூன்றையும் போட்டுப் பல மழைக்காலம் ஓட்டியிருக்கிறேன். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

லைனரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக ஜாக்கெட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஜாக்கெட்டோடு சேர்ந்தே வருவதால் தனியாகச் செலவு இல்லை என்று தோன்றும். லைனர் தண்ணீரை உடம்புக்கு விடாது, அது உண்மை. ஆனால் அதற்கு வெளியே இருக்கும் ஜாக்கெட் முழுக்க நனைகிறது. வலை மாதிரியான மெஷ் துணி, தோள், முழங்கை, முதுகில் அடிபடாமல் காக்கும் கார்டுகளைச் சுற்றியுள்ள பஞ்சு எல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மழை நின்றபின் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்க அடிக்க அந்த ஈரம் ஆவியாகி, உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். திருச்சியில் லாட்ஜ் எடுத்து ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டால் காலையில் பாதிதான் காய்ந்திருக்கும். அந்த ஈரத்தையே மாட்டிக்கொண்டு மறுநாள் கிளம்ப வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, மழை வந்தபின் லைனரைப் போடுவது. வெயிலில் அதை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது, வெந்துபோவோம். அதனால் கழற்றிப் பையில் வைத்திருப்போம். மழை பிடித்ததும் நிறுத்தி, ஹெல்மெட்டையும் கையுறையையும் கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி, லைனரைத் தேடி எடுத்து, இரண்டு கைக்கும் பட்டன் போட்டு, ஜிப்பை ஏற்றி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் உள்ளே போட்டிருக்கும் பனியன் நனைந்துவிடும். மேல்மருவத்தூர் தாண்டி ஒரு டீக்கடை ஓரத்தில் ஒரு முறை இந்த மல்லுக்கட்டில் நின்றிருந்தேன். கடைக்கார அக்கா, "தம்பி, மொதல்ல உள்ள வாங்க, அப்புறமா மாட்டிக்கலாம்" என்று கூப்பிட்டு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். எல்லா இடத்திலும் டீக்கடை கிடைப்பதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், கண்ணாடி மங்கிய லாரிகள் பக்கத்தில் சீறிப்போக, ஐந்து நிமிடம் நிற்பது உயிரோடு விளையாடுவது. மழைக்கோட்டு என்றால் ஜாக்கெட்டைத் தொடவே வேண்டாம், மேலே அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

லேமினேட் வகை இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது. மேல்துணியே தண்ணீரைத் தடுப்பதால் ஜாக்கெட் ஊறாது, நிறுத்தி மாட்டவும் வேண்டாம். இவற்றில் பேர்போனது கோர்டெக்ஸ். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் இருக்கிறதே, அந்த வகைப் பொருளை 1969-ல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் சட்டென்று இழுத்து விரித்தபோது கிடைத்த படலத்தில்தான் அது தொடங்கியது. மழைத்துளி நுழைய முடியாத, வியர்வை ஆவி மட்டும் வெளியேறக்கூடிய நுண்துளைகள் அதில் உண்டு. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். கடலூர் மழையில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும்போது வியர்வை எங்கே போகும்? விலையோ பல பேருக்குப் பைக் விலையில் கால் பங்கு. ஆண்டுதோறும் இமயமலையில் லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் போகிறவர் என்றால் வாங்கட்டும், அங்கே அது பணத்துக்கு வேலை செய்யும்.

மலையில் மட்டும் என் தீர்ப்பு கொஞ்சம் மாறும். ஜூலையில் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, கவர்க்கல் பக்கம் மஞ்சு மூடிக்கொள்ளும், தூறல் நாள் முழுக்க நிற்காது, குளிரும் சேரும். அங்கே மழைக்கோட்டுக்கு அடியில் லைனரும் இருந்தால் கதகதப்பு. அதாவது லைனரைக் காற்றுத் தடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மழையைத் தடுக்க மேலே கோட்டு இருக்கட்டும்.

மழைக்கோட்டுக்கும் குறைகள் உண்டு. உள்ளே புழுங்கும். தளர்வாக எடுத்தால் காற்றில் படபடவென்று அடித்து, நூறு கிலோமீட்டரில் கழுத்து வலியைக் கொண்டுவந்துவிடும். அதனால் ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய், அதன் மேல் மாட்டிப் பார்த்து, கையிலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டும் பட்டை இருப்பதாக வாங்குங்கள். பேண்ட்டின் வலது காலை சைலன்சர் உருக்கிவிடும். எனக்கு உளுந்தூர்பேட்டையில் அப்படி ஆகி, கருகிய பிளாஸ்டிக்கைக் குழாயிலிருந்து சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போனது. கணுக்காலில் இறுக்கிக் கட்ட முடிகிற பேண்ட்டாகப் பாருங்கள். நிறம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். கொட்டும் மழையில் கறுப்பு உடை கார்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. போர்வை மாதிரி தொங்கும் போஞ்சோ வகையை நெடுந்தூரத்துக்குத் தொடவே தொடாதீர்கள். அதன் நுனி செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆளை இழுத்துப் போட்டுவிடும்.

கைக்கும் காலுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்புகாக் கையுறை தடிமனாக இருப்பதால் கிளட்ச், பிரேக் பிடிமானம் மங்கும். ஈரக் கையை உருவும்போது உள்துணியும் சேர்ந்து வெளியே வந்துவிடும், திரும்ப நுழைக்க முடியாது. அதற்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் மாதிரியான நைட்ரைல் கையுறையை உங்கள் வழக்கமான கையுறைக்குள் போட்டால் கை காய்ந்திருக்கும், பிடியும் மாறாது. கோட்டுக் கையை அதற்கு மேலே விட்டு மூடுங்கள். ஷூவுக்கு மேலே மாட்டும் உறையை கியர் லீவர் இரண்டே நாளில் கிழித்துவிடும், சிக்னலில் கால் ஊன்றினால் வழுக்கும். நீர்புகா பூட்ஸ்தான் சரி, மேலே பேண்ட் அதை மூடியிருந்தால்.

மழைக்கோட்டு முதலில் ஒழுகும் இடம் கவட்டுத் தையல். டாங்கிலிருந்து வழியும் தண்ணீர் மடியில் குளம் மாதிரி தேங்கி, அந்த ஒரு தையல் வழியாகத்தான் உள்ளே இறங்கும். அடுத்த இடம் கழுத்து. தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், கவட்டில் நான்கு தையல் கூடும் மாடலைத் தவிருங்கள். வாங்கி வந்ததும் பழைய காட்டன் பேண்ட்டின் மேல் போட்டுக்கொண்டு, ஷவருக்குக் கீழே ஸ்டூலில் பைக் ஓட்டுகிற மாதிரி கால் அகட்டிப் பத்து நிமிடம் உட்காருங்கள். மடியில் தண்ணீர் தேங்க வேண்டும். எழுந்து பேண்ட்டைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருந்தால், பில் கையில் இருக்கும்போதே கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.