தபாலில் பிலிம் கழுவும் சேவை: கழுவலுக்கு முழு மார்க், ஸ்கேனுக்குப் பாதி

கொழும்பில் ஒரு காலத்தில் பிலிம் கழுவித் தந்த ஸ்டூடியோக்கள் பலவற்றில் இப்போது பாஸ்போர்ட் படமும் போட்டோகொப்பியும்தான். அதனால் றோலைப் பதிவுத் தபாலில் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து, படங்களை இணைய ஆல்பத்தில் ஏற்றி லிங்க் அனுப்பும் உள்ளூர் சேவை ஒன்றுக்கு ஐந்து றோல்கள் கொடுத்துப் பார்த்தோம். மூன்று சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் வழக்கமான முறை) கலர், இரண்டு கறுப்பு வெள்ளை.

லேபின் வேலையைத் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நெகட்டிவ்வில்தான் பார்க்க வேண்டும். சி-41 டெவலப்பருக்கு, அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் இரசாயனத்துக்கு, 37.8 பாகை செல்சியஸ், 3 நிமிடம் 15 விநாடி. சூடு கொஞ்சம் பிசகினாலும் கலர் திரும்பிவிடும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நெகட்டிவ்வை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டைகளை ஒட்டி ஓரத்தில் இருக்கும் பிலிமின் பெயரையும் இலக்கங்களையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதிக்கப்பட்டவை, உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எழுத்து கூராக இருந்து படம் மட்டும் வெறுமையாக இருந்தால் கழுவியவரில் பிழையில்லை: றோல் கமராவுக்குள் சுற்றவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் சேர்ந்து மங்கியிருந்தால் கழுவலில் கோளாறு. ஓரம்வரை முழுக்கக் கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது.

இந்த ஐந்திலும் எழுத்து கூர். நீளவாக்குக் கீறல் ஒன்றுகூட இல்லை. கறுப்பு வெள்ளை ஒன்றில் மட்டும் நீர்த்துளி காய்ந்த வட்டங்கள் சில இருந்தன, காய்ச்சி வடித்த நீரில் மறுபடி அலசியதும் போய்விட்டன.

அனுப்பும்போது கடித உறையை மறந்துவிடுங்கள். உருளை டப்பா உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். றோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிலிமின் நாக்கை முழுதாக உள்ளே சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிப் பையில் அடைத்து, சின்ன அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஓடர் இலக்கத்தை டப்பாவில் எழுதிப் பயனில்லை. லேபில் டப்பாவும் றோலும் பிரிந்துவிடும், எழுத்து றோலின் மேலேயே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்க வேண்டாம்: சனியும் ஞாயிறும் பார்சல் புழுக்கத்தில் கிடக்கும், கழுவாத படம் சூட்டிலும் ஈரத்திலும் மெல்லத் தேயும்.

ஐஎஸ்ஓ 400 வேகப் பிலிமை 1600இல் எடுத்திருந்தால் ‘புஷ் 2’ (இரண்டு ஸ்டொப் கூட்டிக் கழுவவும்) என்று படிவத்திலும் றோலிலும் எழுதுங்கள். றோலின் மேலுள்ள கட்டக் குறியீடு பிலிமின் வேகத்தைக் கமராவுக்குச் சொல்வது, நீங்கள் எந்த வேகத்தில் எடுத்தீர்கள் என்பதை அது லேபுக்குச் சொல்லாது. சினிமா பிலிமா என்றும் படிவத்தில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கண்டதும்தான் இவர்களில் நம்பிக்கை வந்தது. சினிமா பிலிம்களின் முதுகில் பூசப்படும் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சுள்ள றோல் ஒன்று தெரியாமல் சி-41 இயந்திரத்துக்குள் போனால், அந்தக் கரி அடுத்தவர் றோல்களிலும் ஒட்டும்.

றோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். கழுவாத பிலிம், பொதிகளைச் சோதிக்கும் சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் ஒன்றுக்குள் போய்வந்தால் மூட்டம் படிந்துவிடும். கழுவிய நெகட்டிவ்வை அது ஒன்றும் செய்யாது.

குறை ஸ்கேனில்தான். காலிமுகத்திடலில் பொழுதுபடும் நேரம் எடுத்த படங்கள் காலை பத்து மணிக்கு எடுத்தவைபோல வந்து சேர்ந்தன. அந்தச் செம்மஞ்சளை ஸ்கேனர் கலர்ப் பிழை என்று எடுத்துக்கொண்டு தானாகவே திருத்திவிட்டது. நெகட்டிவ்வில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ‘ஆட்டோ வேண்டாம், ஃபிளாட் ஸ்கேன்’ (தானியங்கித் திருத்தம் இல்லாத ஸ்கேன்) என்று எழுதிக் கேட்டபோது சரியாக வந்தது. படிவத்திலேயே இதற்கு ஒரு கட்டம் வைக்கலாமே. ஆனால் ஆடிவேல் ரதத்தை இரவில், பழைய மஞ்சள் பல்புகளின் கீழ் பகல் வெளிச்சத்துக்கான டேலைட் பிலிமில் எடுத்துவிட்டு மஞ்சளாக வந்தது என்று லேபைக் குறை சொல்லக் கூடாது.

கறுப்பு வெள்ளை ஸ்கேன்களில் தூசி நிறையத் தெரிகிறது. கலர் பிலிமில் ஸ்கேனர் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அகச்சிவப்பையும் அது மறைத்துவிடும், ஆகவே தூசி எது படம் எது என்று இயந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியாது. ஊதித் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்வதுதான் வழி, அந்தப் பொறுமை இங்கே போதவில்லை. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 கறுப்பு வெள்ளைதான் என்றாலும் சி-41இல் கழுவுவது, கழுவியபின் வெள்ளி நீங்கிச் சாயமே மிஞ்சும், அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

சாதாரண ஸ்கேன் 3000 × 2000 பிக்சல். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10 அங்குல அகலப் பிரிண்டுக்குப் போதும். பெரியது 6000 × 4000. அதைச் சுருக்காத 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகக் கேட்டால் ஒரு படமே 144 எம்பி, 36 படத்துக்கு 5 ஜிபியைத் தாண்டும். போன் டேட்டாவில் இறக்க நினைக்காதீர்கள்.

டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பாவும் லண்டன் மாமியும் ஒரே லிங்கில் கல்யாணப் படம் பார்க்க ஆல்பம் வசதிதான். ஆனால் கடவுச்சொல்லை நீங்களாகப் போடாவிட்டால் லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம். 30 நாளில் ஆல்பம் அழிந்துவிடும், முதல் நாளே முழுவதையும் இறக்கி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டொகியுமெண்டாக. கோப்பில் இருப்பது ஸ்கேன் செய்த திகதி, அதனால் போனில் எல்லாப் படமும் அந்த ஒரே நாளின் கீழ் போய்க் குவியும்.

ஆறு ஆறு படமாக வெட்டி உறையிட்ட நெகட்டிவ், படிவத்தில் ‘திருப்பி அனுப்பவும்’ கட்டத்தில் அடையாளமிட்டால்தான் வீடு வரும். வந்ததும் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்க வேண்டாம், இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, ஜெல் நிறம் மாறும்போது புதிது வையுங்கள்.