நெடுக்கா, குறுக்கா, கட்டமா? பார்சிலோனா ஜெர்சியின் பத்தாண்டு

2010 முதல் 2020 வரை பார்சிலோனா கால்பந்து கிளப்புக்கு ஜெர்சி தயாரித்தது நைக்கி மட்டுமே. உள்ளூர் ஆட்டச் சட்டையின் நீலமும் கருஞ்சிவப்பும் மாறவில்லை. ஆனாலும் அந்தச் சட்டை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பத்தாண்டுச் சட்டைகளில் எது மோசம் என்று பேச்சு வந்தால், 2019இன் கட்டம் போட்ட சட்டைதான் முதலில் அடி வாங்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

குறுக்குக் கோட்டை எடுத்துக்கொள்வோம். 1899இல் தொடங்கிய கிளப், 2015-16இல்தான் முதன்முறையாகத் தன் நெடுக்குக் கோடுகளைப் படுக்கப் போட்டது. தனியாகப் பார்த்தால் அவலட்சணமான சட்டை அல்ல. ஆனால், சின்னத்தைக் கையால் மறைத்துவிட்டால் ஏதோ ஒரு ரக்பி அணியின் சட்டை என்றே தோன்றும். அதைக் காப்பாற்றியது களத்தில் கிடைத்த வெற்றி. அந்தப் பருவத்தில் ஸ்பெயினின் லீக் பட்டமான லா லீகாவும் அந்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரேயும் வந்து சேர்ந்தன. லீகில் மட்டும் முன்கள வீரர் சுவாரெஸ் 40 கோல் அடித்தார். கோப்பையைத் தூக்கிப் பிடித்த படத்தில் யார்தான் சட்டையைக் குறை சொல்வார்கள்?

கட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2019-20இல் ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. பருவம் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிடம் 8-2 என்ற தோல்வியில் முடிந்தது. அந்தக் கோபத்தில் பாதி சட்டையின் மேல் விழுந்தது என்பேன். உண்மையில் அதன் யோசனை நல்ல யோசனை: 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா திட்டமிட்ட, பார்சிலோனா நகரின் எஷாம்ப்ளே பகுதியின் தெருக் கட்டங்களைத் துணியில் கொண்டுவருவது. கோட்டைவிட்டது செயலாக்கத்தில். எஷாம்ப்ளேயின் தனி அடையாளமே மூலை வெட்டிய கட்டடத் தொகுதிகள்தான். சட்டையில் வந்தவையோ வெறும் சதுரங்கக் கட்டங்கள். பார்த்தவுடன் குரோஷிய தேசிய அணியின் சிவப்பு-வெள்ளைக் கட்டச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. அணியில் அப்போது குரோஷியாவின் ராகிடிச் வேறு இருந்தார். அவருக்கு மட்டும் சட்டை பழகியதாக இருந்திருக்கும்!

அதே ஊர்ப்பாசத்தை ஓராண்டு முன்பே அமைதியாகச் சாதித்திருந்தார்கள். 2018-19 சட்டையில் பத்து நெடுக்குக் கோடுகள், நகரின் பத்து மாவட்டங்களுக்கு ஒன்றாக. விவரம் தெரியாதவருக்கும் அது பார்சிலோனா சட்டைதான். தெரிந்தவருக்குக் கூடுதல் மகிழ்ச்சி. 2012-13இல் இரு நிறங்களும் ஒன்றில் ஒன்று கரைவதுபோல வந்த சட்டைதான் என் கணக்கில் கடைசி. கோடு கோடாகவே தெரியாவிட்டால் பிறகென்ன?

ஆனால், கோடுகளைவிட அதிகம் மாறியது மார்புப் பகுதி. 2006 முதல் அங்கே யுனிசெஃப் பெயர் இருந்தது. அதற்குக் கிளப் பணம் வாங்கவில்லை. ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவைத் தானே கொடுத்தது. அந்தச் சட்டையோடுதான் 2011இல் வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 என வென்று சாம்பியன்ஸ் லீகைக் கைப்பற்றியது. அடுத்த பருவமே பணம் கொடுத்த விளம்பரதாரரான கத்தார் ஃபவுண்டேஷன் முன்னால் வந்தது, யுனிசெஃப் முதுகுக்குப் போனது. 2013இல் கத்தார் ஏர்வேஸ், 2017இல் ஜப்பானிய இணைய வணிக நிறுவனமான ரகுடென்.

இந்தப் பத்தாண்டிலிருந்து ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னால், 2018-19ஐ நோக்கிக் கை நீளும். ஆனால் எடுப்பது 2010-11ஆகத்தான் இருக்கும். அந்தப் பத்துக் கோடுகளின் நட்டநடுவே ரகுடென் உட்கார்ந்திருக்கிறது.