பழைய வி8 ஸ்பீட் போட்டுக்கு அவுட்போர்டு: ரிவியேர் நுவார் பட்டறையின் வேலை எப்படி?

மொரீஷியஸில் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: உள்ளே எஞ்சின் வைத்த பழைய ஸ்பீட் போட்டை அவுட்போர்டுக்கு, அதாவது பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சினுக்கு, மாற்றலாமா, யாரிடம் கொடுப்பது? என் படகை கிராண்ட் ரிவியேர் நுவார் முகத்துவாரத்தை ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்து மாற்றினேன். வேலை அருமை. தாமதம் ஆனது, முதலில் எழுதித் தந்த தொகையில் சேராத செலவும் வந்தது. ஆனாலும் நாளைக்கே இன்னொரு படகு கையில் வந்தால் அங்கேதான் இழுத்துக்கொண்டு போவேன்.

படகைப் பற்றி முதலில். 24 அடி நீளம், அடிப்பகுதி இரு பக்கமும் 24 டிகிரி சரியும் ஆழ 'வி'. அலையை வெட்டிக்கொண்டு போகும் இந்த அமைப்பை ரே ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வரைந்தார். 1960-இல் மயாமி–நசாவ் பந்தயத்தில் அவருடைய வடிவம் ஜெயித்த பிறகு உலகம் முழுக்க வேகப் படகுகள் அந்தப் பக்கம் திரும்பின. என் படகில் இருந்தது மெர்க்ரூசர் 5.7 லிட்டர் வி8, 300 குதிரைசக்தி. எஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கால் வெளியே. இந்தக் காலுக்கு ஸ்டெர்ன் டிரைவ் என்று பெயர். அந்த எஞ்சின் எழுப்பும் சத்தத்துக்காகவே அதை நான் ரொம்ப நாள் விடாமல் வைத்திருந்தேன்.

உப்புத் தண்ணீரில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கடல் தண்ணீரே எஞ்சினைக் குளிரவைக்கிறது, அதனால் புகை வெளியேறும் பாகங்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். படகின் பின்சுவரான பின்பலகையில், கால் வெளியே போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும் ரப்பர் உறை (பெல்லோஸ்) கிழிந்தால், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கலாம் என்பதால், ஸ்டார்ட் செய்யுமுன் அதை வெளியேற்றும் புளோயர் விசிறி நான்கு நிமிடம் ஓடவேண்டும். ஸ்டெர்ன் டிரைவின் காலை எவ்வளவு தூக்கினாலும் அதில் பாதி தண்ணீரில்தான் கிடக்கும், பாசியும் சிப்பியும் ஒட்டும். பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் நம் லகூனில் பல இடத்தில் முழங்கால் ஆழம்தான். பெனிட்டியே தீவுப் பக்கம் மணல்மேட்டில் ஏறி இறங்கும்போது காலை முழுக்க வெளியே தூக்க முடிகிற எஞ்சின் எவ்வளவு உதவி என்பது அங்கே படகு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இனி பட்டறைக்கு வருவோம். நடத்துகிறவர் அறுபது தாண்டிய மொரீஷியஸ் தமிழர். பேச்செல்லாம் கிரியோல்தான். தமிழ் என்றால் காவடிப் பாட்டும் கோயில் பேச்சும். என்னை மட்டும் 'தம்பி' என்பார், நான் 'அண்ணே' என்பேன். அதற்கு முன் நான் பேசிப்பார்த்த இடங்களில் முதல் கேள்வியே "எந்த கம்பெனி எஞ்சின் போடப்போறீங்க?" என்றுதான் இருந்தது. இவர் எஞ்சினைப் பற்றி வாயே திறக்கவில்லை. சின்னச் சுத்தியலை எடுத்துப் பின்பலகையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் சத்தம் மங்கியது. ஓட்டைக்குக் கீழே, உள்பக்கத்தில், 6 மில்லி டிரில் போட்டார். வெளியே வந்தது மரத்தூளே இல்லை. ஊறின தேயிலைத்தூள் மாதிரி கறுப்பாய், ஈரமாய் ஒன்று பிட்டில் சுற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, இதுமேல எஞ்சினைத் தொங்கவிட்டா எஞ்சின் மட்டும் தனியாக் கடலுக்குப் போகும்" என்றார். அந்த நிமிடமே படகை அவரிடம் விட்டுவிட முடிவு செய்தேன்.

அவர் சொன்னதன் பின்னணி இது. உள்ளே எஞ்சின் இருக்கும்போது பாரத்தில் பெரும்பங்கை படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களான ஸ்ட்ரிங்கர்கள் தாங்குகின்றன. அவுட்போர்டு வந்ததும் முழுப் பாரமும், முழுத் தள்ளு விசையும் பின்பலகைக்கு வந்துவிடுகிறது. 300 குதிரைசக்தியில் நூற்றுக்கு அறுபது பயன்படுவதாக வைத்தால், 40 நாட் (மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர்) வேகத்தில் ப்ரொப்பெல்லர் சுமார் 650 கிலோ அளவுக்குப் படகைத் தள்ளுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பித் தண்ணீர்மேல் எழும்பும்போது அதைவிட அதிகம். தள்ளுவது கீழே என்பதால், எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டின் அடிப்பாகம் பலகையை அழுத்தும், மேல் போல்ட்டுகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். ஒவ்வொரு அலையிலும் இதே இழுபறி. ஊறிப்போன பிளைவுட் இதற்கு எத்தனை நாள் தாங்கும்?

பின்பலகையில் அவர் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை. உள்பக்கத்து ஃபைபர் தோலை முழுசாக வெட்டி எடுத்தார். ஊறின மரம் ஒரு சிம்பு பாக்கியில்லாமல் சுரண்டி எடுக்கப்பட்டது. வெளித்தோலை ஹீட்டர் வைத்துக் காயவிட்டு, ஈரமானியில் எண் இறங்கும்வரை கை வைக்கவில்லை. பழைய ஓட்டையின் விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இழைத்தார். அதாவது 6 மில்லி கனமுள்ள தோலுக்குச் சுற்றிலும் 72 மில்லி அகலத்துக்குச் சாய்வு. அப்படிச் செய்தால்தான் புதிய ஃபைபர் பழையதோடு ஒன்றாகும். நேராக வெட்டி ஒட்டுப்போட்டால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். அப்புறம் பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து மரைன் பிளைவுட்டை அடுக்கடுக்காக எபாக்ஸியில் ஒட்டி, மேலே குறுக்கு நெசவுத் துணி. கடைசியாகப் பின்பலகையிலிருந்து இரண்டு பெரிய ஸ்ட்ரிங்கர்களுக்கும் முக்கோண முட்டுக்கள். இந்த முட்டுக்கள்தான் உயிர். பலகையை எவ்வளவு கனமாகப் போட்டாலும், பாரம் ஸ்ட்ரிங்கருக்குப் போக வழியில்லை என்றால் வீண். பழைய குளிர்நீர்க் குழாய் துளைகளைக்கூட இதே சரிவு முறையில்தான் மூடினார், வெறும் பேஸ்ட் அடைத்து ஏமாற்றவில்லை.

இரண்டாவது விஷயம் எடை. இதிலும் அவருக்கு முழு மதிப்பெண். பழைய எஞ்சினும் காலும் சேர்ந்து சுமார் 450 கிலோ. நான் போட்ட சுசுகி டிஎஃப்300ஏபி 290 கிலோ. கேட்டால் லாபம் என்று தோன்றும். ஆனால் 450 கிலோ இருந்தது பின்பலகைக்கு உள்ளே. 290 கிலோ இருப்பது பிராக்கெட்டில், பலகைக்கு 75 சென்டிமீட்டர் பின்னால். அமரம் (பின்பக்கம்) தாழ்ந்து அணியம் (முன்பக்கம்) வானம் பார்க்கும், படகு எழும்ப நேரம் எடுக்கும். இதற்காக அவர் காற்றுப்புகாத பெட்டியோடு கூடிய அலுமினிய பிராக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். நிற்கும்போது அந்தப் பெட்டியே பின்பக்கத்தைத் தாங்குகிறது. ஓடும்போது அது தண்ணீரைத் தொடாது, அதனால் பேட்டரிகளையும் நங்கூரச் சங்கிலியையும் முன்னால் தள்ளி, பின்பக்கத்தை உயர்த்தும் தகடுகளான டிரிம் டேப்பும் போட்டார். ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து, எங்கே வைத்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் சர்வேயர் அந்தத் தாளையும் வேலைப் படங்களையும் பார்த்த பிறகு என்னிடம் அதிகம் கேள்வி கேட்கவில்லை.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. 4 லிட்டர் வி6, கியர் விகிதம் 2.08. முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 5700-இலிருந்து 6300 சுற்று வரை சுற்றவேண்டும். மெர்க்குரியின் 4.6 லிட்டர் வி8 300 இதைவிட இலேசு, அதையும் யோசித்தேன். பக்கத்தில் சர்வீஸும் உதிரிப் பாகமும் கிடைக்கிற எஞ்சினை எடுங்கள் என்பதுதான் இந்தத் தீவில் யாருக்கும் நான் சொல்வது. பிராக்கெட் பின்னால் தள்ளியிருப்பதால் எஞ்சினை வழக்கத்தைவிட மூன்று அங்குலம் உயர்த்தி மாட்டினார்கள். பின்னால் போகப் போகத் தண்ணீர் மேலே எழும்பி வருகிறது, எட்டுப் பத்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. முதலில் 21 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ப்ரொப்பெல்லர் போட்டுப் பார்த்தோம். ஆள் ஏறினதும் 5600-ஐத் தாண்டவில்லை. 19-க்கு மாற்றியதும் 6000 வந்தது, வேகம் 39 நாட். வி8-இல் வந்ததும் ஏறக்குறைய அதேதான். வேகம் கூடும் என்று நினைத்து மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கூடியிருப்பது வேறு: 25 நாட்டில் போகும்போது பெட்ரோல் செலவு கால்வாசி குறைந்திருக்கிறது, பழைய எஞ்சின் அறை முழுக்க சாமான் வைக்க இடமாகிவிட்டது, காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பலாம். தமாரன் பக்கம் டால்ஃபின் பார்க்கப் போகும்போது மெதுவாக ஓட்டினால் எஞ்சின் சத்தமே கேட்பதில்லை. பழைய முழக்கம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

இனிக் குறைகள். சொன்ன தேதிக்கு வேலை முடியவே இல்லை. பிராக்கெட் அனுப்பியவர்கள் வேறு சாய்வுக் கோணத்தில் அனுப்பிவிட்டார்கள், திரும்ப வரவழைக்க வாரக்கணக்கில் ஆனது. அது பட்டறையின் தப்பு இல்லை. ஆனால் அதை எனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம், நானாகப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஹைட்ராலிக் ஸ்டியரிங், புதிய மீட்டர்கள், 10 மைக்ரான் எரிபொருள் ஃபில்டர் இவையெல்லாம் முதல் எஸ்டிமேட்டில் இல்லை. இவை இல்லாமல் மாற்றமே முடியாது எனும்போது முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். பழைய வயர்களில் சிலவற்றை நுனியை மட்டும் சுற்றி உள்ளேயே விட்டுவிட்டார்கள். உப்புக் காற்றில் அது பச்சை பிடிக்கும். சொன்னதும் பையன்கள் வந்து உருவி எடுத்துவிட்டார்கள், தனியாகக் காசு கேட்கவில்லை.

பட்டறையைச் சாராத ஒன்றும் இருக்கிறது. பின்னால் இருந்த குளிக்கும் மேடை போய்விட்டது. பயணிகளை ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஏணியைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொன்னேன். ப்ரொப்பெல்லர் பக்கத்தில் ஆள் ஏறி இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. யாராவது தண்ணீரில் இருந்தால் எஞ்சின் அணைந்தே இருக்கவேண்டும்.

எல்லாப் படகுக்கும் இது தேவையா என்றால், இல்லை. ட்ரெய்லரில் வைத்து, ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கொட்டகையில் வைக்கிற படகு என்றால் வி8 இன்னும் பல வருடம் உழைக்கும், மேனிஃபோல்டை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். வருடம் முழுக்கக் கடலிலேயே கட்டிப்போடுகிற, அடிப்பகுதி நல்ல நிலையில் இருக்கிற படகுக்குத்தான் இந்தச் செலவு தகும். எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் பின்பலகையைத் திறந்த நிலையிலும் மூடுவதற்கு முன்னும் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

நவம்பரிலிருந்து புயல் காலம், கரையேற்றிய படகுகளால் இந்தப் பட்டறையின் முற்றம் நிறைந்துவிடும். மே மாதம் போனால் இடம் இருக்கும், அண்ணனும் நின்று பேசுவார். தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எப்படியும் வெளிக்கடல் ஓட்டம் குறைவுதான், அந்த நாட்களை வேலைக்கு விட்டுவிடலாம்.