அகாஃபுகுவா, ஷிரோய் கொய்பிதோவா: ஜப்பானில் எந்தப் பண்டத்தை எங்கே வாங்குவது?

ஜப்பானில் வெளியூர் போய்வந்தவர் வெறுங்கையோடு அலுவலகத்துக்குள் நுழைவது அரிது. போன ஊரின் பெயர் சொல்லும் தின்பண்டம் ஒரு பெட்டி, உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், ஆளுக்கு ஒன்று. இதற்கு ஓமியாகே என்று பெயர். டோக்கியோவில் வேலை பார்க்கும் எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போய்விட்டது. எந்த ஊர் போனாலும் இரண்டு கணக்குப் போடுவேன்: அலுவலகத்துக்கு என்ன, அடுத்த முறை மதுரைக்குக் கொண்டுபோக என்ன.

எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். முதலில் பெட்டியைத் திருப்பித் தேதியைப் பாருங்கள் என்பேன் நான். ஜப்பானியப் பெட்டிகளில் இரண்டு வகைத் தேதி உண்டு. ஷோமி கிகென் என்றிருந்தால் அந்த நாள் வரை ருசி குறையாது. ஓரிரு நாள் தாண்டினாலும் பண்டம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஷோஹி கிகென் என்றிருந்தால் அந்த நாளுக்குள் தின்றுவிட வேண்டும். இதில் எது அச்சாகியிருக்கிறது, எத்தனை நாள் மிச்சம் என்று தெரிந்துவிட்டால், எங்கே வாங்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

வடக்கே ஹொக்கைடோவிலிருந்து ஆரம்பிக்கலாம். போட்டி அங்கேதான் கடுமை. சப்போரோவின் இஷியா நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது ஷிரோய் கொய்பிதோ. 'வெள்ளைக் காதலர்' என்று பொருள். மெல்லிய இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வெள்ளைச் சாக்லேட். மாதக்கணக்கில் தாங்கும், குழந்தை முதல் தாத்தா வரை எல்லோருக்கும் பிடிக்கும். இதற்கு எதிரே நிற்பது ஒபிஹிரோ ஊரின் ரொக்காதெய் கடை செய்யும் மருசெய் பட்டர் சாண்ட். வெண்ணெயும் வெள்ளைச் சாக்லேட்டும் உலர்திராட்சையும் கலந்த தடித்த பூரணத்தை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்திருப்பார்கள். ருசியில் என் ஓட்டு இதற்குத்தான். ஹொக்கைடோ பாலுக்குப் பேர்போன பூமி என்பது ஒரு கடியிலேயே தெரியும். ஆனால் ஆயுள் பத்து நாள் அளவுதான், சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். மே மாத மதுரைக்கு இது ஆகாது. டோக்கியோ அலுவலகத்துக்கு இதைவிட நல்லது கிடையாது.

மூன்றாவது போட்டியாளர் ராய்ஸ் நிறுவனத்தின் நாமா சாக்லேட், கிரீம் சேர்ந்த மிருதுவான வகை. 10 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சில வகைகளில் மது சேர்ந்திருக்கும் என்பதால் வீட்டில் அது ஆகாதவர்கள் பார்த்து வாங்க வேண்டும். குளிர்ப்பையோடு நேராக வீட்டுக்குப் போகிறவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

மூன்றையும் வாங்க நியூ சிதோசே விமான நிலையம் போதும். உள்நாட்டு முனையத்தின் இரண்டாம் தளமே ஒரு கடைத்தெரு. விமான நிலையம் என்றால் விலை ஏறியிருக்கும் என்ற நம் ஊர் அனுபவம் இங்கே பொருந்தாது. அதே பெட்டி சப்போரோ நகரக் கடையிலும் இங்கேயும் பெரும்பாலும் ஒரே விலைதான். ஆகவே ஊரெல்லாம் பெட்டியைச் சுமந்து திரிய வேண்டாம், கிளம்பும் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் சரி. இன்னொன்று: ஷிரோய் கொய்பிதோ நரிதா, ஹானேதா பன்னாட்டு முனையங்களின் வரியில்லாக் கடைகளிலும் கிடைக்கும். இந்தியாவுக்கு அதைக் கொண்டுபோவதாக இருந்தால் அங்கே வாங்கிக்கொண்டு, சப்போரோவில் பையின் இடத்தைப் பட்டர் சாண்டுக்கு விடுங்கள்.

அப்புறம் மியே மாவட்டத்துக் கோயில் ஊரான இஸே. எனக்கு மிகவும் பிடித்த பண்டம் இங்கேதான் இருக்கிறது. அதை ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது.

அகாஃபுகு 1707-லிருந்து இஸே பெருங்கோயிலுக்கு வருவோருக்காகச் செய்யப்படும் மோச்சி. ஒட்டும் அரிசியை வேகவைத்து இடித்த வெள்ளை உருண்டை. அதன் மேல் அசுகி என்ற சிவப்புப் பயறை மசித்து, சர்க்கரை சேர்த்து வழவழப்பாக்கிய விழுது. பூரணம் வெளியேயும் மாவு உள்ளேயும் இருக்கும் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுதின் மேல் விரலால் வகுந்த மூன்று வரி தெரியும். கோயிலை ஒட்டி ஓடும் இசுசு ஆற்றின் நீரோட்டம் அது. அடியிலிருக்கும் வெள்ளை மோச்சி ஆற்றுக் கூழாங்கல். பெட்டியைத் திறந்தால் அன்றைய தேதிக்கென்றே அச்சிட்ட சின்னச் சித்திரத் தாள் ஒன்று இருக்கும். இஸேயின் தலைமைக் கடை காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. கோயிலுக்குப் போகும் வழியில், இருட்டு விலகும் நேரத்தில், வறுத்த தேயிலையில் போட்ட தேநீரோடு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் செய்த மோச்சியின் இளக்கம் பெட்டியில் வாங்கியதில் பாதிகூட இல்லை என்பது அன்று தெரிந்தது.

இதில் அச்சாகியிருப்பது ஷோஹி கிகென். கோடையில் 2 நாள், குளிர்காலத்தில் 3 நாள், அவ்வளவுதான். நகோயா, கியோத்தோ, ஒசாகா ரயில் நிலையங்களில் விற்கிறார்கள். டோக்கியோவுக்குத் திரும்பும் நாளில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறுமுன் ஒரு பெட்டி வாங்கி அன்றிரவே வீட்டில் பிரிக்கலாம். சென்னைக்கு வேண்டாம்.

பக்கத்துக் கியோத்தோவின் யாத்ஸுஹாஷி நேர் எதிர். அரிசிமாவு, சர்க்கரை, லவங்கப்பட்டை: அடிப்படை இவ்வளவுதான். சுட்ட வகை ஓடு மாதிரி வளைந்து, கடித்தால் நொறுங்கும். கோட்டோ என்ற ஜப்பானிய யாழின் வடிவம் என்றும், யாத்ஸுஹாஷி கென்க்யோ என்ற 17-ஆம் நூற்றாண்டு இசைக் கலைஞரின் நினைவாகவே இந்தப் பெயர் என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். சுடாமல் வேகவைத்து, முக்கோணமாக மடித்துப் பயற்றுப் பூரணம் வைத்தது நாமா யாத்ஸுஹாஷி. சுட்டது நெடுநாள் தாங்கும், நாமா வகைக்குப் பத்து நாள் அளவு. லவங்கப்பட்டை மணம் நம் வீட்டு மூக்குக்குப் புதிதல்ல. சைவ வீட்டுக்கு என்றால் எனக்கு இதுதான் முதல் பெயர், ஏனென்றால் வழக்கமான வகைகளில் முட்டையும் பாலும் கிடையாது. கிரீம், சாக்லேட் வைத்தவையும் வந்துவிட்டதால் பெட்டியைப் படித்தே வாங்குங்கள். ஒத்தாபே, ஷோகொயின், இஸுத்ஸு என்று கடைகள் பல. கியோத்தோ நிலையத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கியோமிஸு கோயிலுக்கு ஏறும் தெருவில் ருசி பார்க்கத் துண்டு கொடுக்கும் கடைகள் உண்டு; நான் அங்கே தின்று பார்த்துவிட்டு, நிலையத்தில் வாங்குவேன்.

சைவம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாகசாகியின் கஸ்தெரா கேக், ஹிரோஷிமாவின் மேப்பிள் இலை வடிவ மொமிஜி மஞ்சு (மஞ்சு என்றால் உள்ளே பூரணம் வைத்த சின்னப் பண்டம்), டோக்கியோ பனானா மூன்றிலும் முட்டை உண்டு. ஹமமட்சுவின் உனாகி பையில் விலாங்கு மீன் பொடி சேர்கிறது. பெயரிலேயே உனாகி, அதாவது விலாங்கு, இருக்கிறது. ஒகினாவாவின் சின்ஸுகோதான் கண்ணுக்குத் தெரியாத பொறி: பார்த்தால் சாதாரண வெண்ணெய் பிஸ்கட், ஆனால் மரபான செய்முறையில் பன்றிக் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்ததும் கிடைக்கிறது. உறையில் பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் 'ராடோ' என்ற சொல் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள், பொறுமையாகப் பார்த்துச் சொல்வார்கள்.

ஃபுகுவோகாவில் தேர்வு எளிது. மெந்தாய்கோ என்ற மிளகாய் ஊறிய மீன்சினையை, பூசானில் பிறந்த கவஹாரா தொஷியோ 1949-இல் நகாஸு சந்தையில் விற்க ஆரம்பித்தார். செய்முறைக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை, கேட்டவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். இன்று ஊர் முழுக்க மெந்தாய்கோ கடைகள் இருப்பதற்கு அந்தப் பெரிய மனசு ஒரு காரணம். காரம் நமக்கு ஒத்துப்போகும், ஆனால் குளிரிலேயே இருக்க வேண்டிய பண்டம். சூடான சோற்றில் வைத்து அங்கேயே சாப்பிடுங்கள். கையில் எடுத்துவர ஹகாதா தோரிமொன்: வெள்ளைப் பயற்று விழுதில் வெண்ணெய் சேர்த்த மிருதுவான மஞ்சு, 1993-லிருந்து வருகிறது. ஊரின் பெரிய ரயில் நிலையமான ஹகாதாவிலிருந்து விமான நிலையம் சுரங்க ரயிலில் 5 நிமிடம்தான் என்பதால் எங்கே வாங்கினாலும் ஒன்றே.

அதே ஊர்ப் பக்கத்துக் கோழிக்குஞ்சு வடிவ ஹியொகோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1912-இல் ஃபுகுவோகா மாவட்டத்து ஈஸுகாவில் பிறந்தது; 1964 ஒலிம்பிக்கை ஒட்டிய காலத்தில் டோக்கியோவுக்குள் வந்து, இன்று டோக்கியோ நிலையத்தில் டோக்கியோ ஓமியாகேவாகவே விற்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் தங்களுடையது என்று நினைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, வெளியூர் போகவே நேரமில்லை, டோக்கியோவில் மட்டும் சில நாள் என்றால்? டோக்கியோ நிலையத்தின் கிரான்ஸ்டா கடைகள் வசதி, ஆனால் பெரும்பகுதி டோக்கியோ பண்டங்கள், பலவும் டிக்கெட் வாசலுக்கு உள்ளே, மாலையில் நெரிசல். பேரங்காடிகளின் கீழ்த்தள உணவுக்கூடங்களில் நேர்த்தியான இனிப்பு கிடைக்கும், விலையும் அதற்கேற்ப. என் வழி மூன்றாவது: மாவட்ட அரசுகள் தங்கள் ஊர்ப் பொருளை விற்க டோக்கியோவில் நடத்தும் 'அந்தெனா ஷாப்'. யூராகுச்சோ நிலையத்தை ஒட்டிய கொத்ஸு கைகான் கட்டடத்தில் ஹொக்கைடோவின் தொசான்கோ பிளாஸா, கின்ஸாவில் நாகனோவின் கடை, நிஹோன்பாஷியில் மியே மாவட்டத்தின் கடை என்று நடந்தே சுற்றிவரலாம். அன்றன்று செய்யும் இனிப்புக்கு இவை சரிப்படாது. ஊர்க்காரர்கள் தங்கள் சமையலறையில் வைத்திருக்கும் சாமான்களுக்கு இவற்றை மிஞ்ச இடமில்லை.

நாகனோ ஜென்கோஜி கோயில் வாசலில் 1736-லிருந்து விற்கும் யவாதயா இஸொகொரோவின் ஷிசிமி அப்படிப்பட்டது: மிளகாய், எள், இஞ்சி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்த ஏழுபொருள் பொடி, சின்னத் தகர டப்பாவில். இன்னொன்று, ஃபுகுவோகா இருக்கும் கியூஷு தீவின் யூஸு கோஷோ. பச்சை மிளகாயையும் யூஸு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலையும் உப்போடு அரைத்துப் பதப்படுத்திய விழுது. 'கோஷோ' என்றால் பொது ஜப்பானியத்தில் மிளகு. கியூஷுவின் பழைய பேச்சில் அதே சொல் மிளகாயைக் குறிக்கும். மிளகிலிருந்து மிளகாய் என்று பேர் வைத்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விழுது என்பதால் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள். மதுரையில் அம்மா இதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறார். போன முறை இரண்டு பாட்டில் கேட்டார்.