ஃபவுஜி (ராணுவ வீரர்) குடும்பங்க கவனத்துக்கு: பேக்கர்ஸ்காரங்க வீட்டுச் சாமானை ஏத்திட்டு அப்புறம் பணம் புடுங்குறாங்க

போஸ்டிங் நேரம், அதான் எழுதுறேன். எங்களுக்கு நீலகிரி வெலிங்டன்ல இருந்து பஞ்சாப் பதான்கோட். வீட்டுக்காரர் முன்னாடியே போய் யூனிட்ல ரிப்போர்ட் பண்ணிட்டாரு, குவார்ட்டர்ஸ் ஒப்படைக்கிறது, பசங்க டிசி எல்லாம் நான்தான். "ஆர்மிக்கு ஸ்பெஷல் ரேட், கிளெய்ம் பில் (ஆபீஸ்ல செலவைத் திரும்ப வாங்குறதுக்கு) பக்காவா தருவோம்"னு சொன்ன ஒரு பேக்கர்ஸ்கிட்ட குடுத்தோம்.

எம்.இ.எஸ் (குவார்ட்டர்ஸைப் பராமரிக்கிற ராணுவ எஞ்சினியரிங் பிரிவு) ஆளு ஃபேன், டியூப்லைட்னு ஒவ்வொண்ணா செக் பண்ணிட்டு இருந்தப்போ, இதைத் தொடாதீங்கண்ணான்னு சொல்லி தனியா வச்சிருந்த சின்னவன் இளைப்புக்கு வைக்கிற நெபுலைசர் பையையும் பேக்கர்ஸ் ஆளுங்க லாரில ஏத்திட்டானுங்க. உடனே போன் பண்ணேன், "சீல் வச்சாச்சு மேடம், திறக்க முடியாது"ன்னு கட் பண்ணிட்டான். எம்.ஹெச் (மிலிட்டரி ஆஸ்பத்திரி) மருந்துச்சீட்டும் அந்தப் பையிலதான். கடைல புது இன்ஹேலர் வாங்கிட்டுதான் ரயில் ஏறுனோம், ஆனா ராத்திரி புள்ளைக்கு இளைப்பு அதுக்கு அடங்கல, கழுத்துக்குழி உள்ள இழுக்குது, உதடு வெளுத்துருச்சு. ரயில்வே ஹெல்ப்லைன் 139க்கு அடிச்சேன், டிக்கெட் செக் பண்ற டிடிஇயும் ஓடி வந்து தகவல் குடுத்தாரு, நாக்பூர்ல ரயில்வே டாக்டர் ஏறி நெபுலைஸ் பண்ணி விட்டாரு. அவங்க ரெண்டு பேருக்கும் கோடி புண்ணியம்.

நாங்க போய்ச் சேர்ந்தும் லாரி வரல. பெங்களூர் குடோன்ல நிக்குதாம், என்ட்ரி டாக்ஸ், டோல்னு இன்னும் 32,000 வேணும், தரலன்னா நாளுக்கு நாள் வாடகை ஏறுமாம். ஸ்டேட் என்ட்ரி டாக்ஸ் 2017ல ஜிஎஸ்டியோட போன விஷயம்! ஜாயினிங் தேதியை விட்டுட்டு ஃபவுஜி திரும்பி வர மாட்டான், லீவு கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் நம்மளைக் குறி வைக்கிறானுங்க. 1915ங்கிற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் போட்டோம், யூனிட்ல சுபேதார் மேஜர் சாப் அந்த குடோன் ஏரியா போலீஸ்கிட்ட பேசுன பிறகுதான் வண்டி கிளம்புச்சு. நம்பர், பேரு எழுதுன எங்க கறுப்பு ட்ரங்கோட பூட்டை அறுத்திருந்தானுங்க, டிவியைக் காணோம். இன்சூரன்ஸ்னு மூணு பர்சென்ட் வாங்குனானே, பாலிசி எங்கடான்னு கேட்டா பில்லுல எழுதுன அந்த ஒரு வரிதானாம்.

அதனால இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி நம்பரைக் கண்ணுல பார்க்காம அந்தக் காசைக் குடுக்காதீங்க. லாரி ரசீதுல வண்டி நம்பர், மொத்த வாடகை, சாமான் லிஸ்ட் மூணும் இருக்கணும், கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியையும் டிரைவர் லைசென்ஸையும் போட்டோ எடுத்துக்கங்க. மருந்து, டிபென்டன்ட் கார்டு (குடும்பத்துக்கான ராணுவ அடையாள அட்டை), டிசி, மூவ்மென்ட் ஆர்டர் (இடம் மாறிப் போற உத்தரவு) காப்பி எல்லாம் ஒரே பையில போட்டு, ஏத்துற ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து குவார்ட்டர்ஸ்ல குடுத்து வச்சிருங்க. மருந்துச்சீட்டு போட்டோ போன்ல இருக்கட்டும், டாக்டர் முதல்ல கேக்குறதே என்ன மருந்து, எவ்வளவு டோஸ்னுதான்.

சாமான் காணாமப் போனாலோ உடைஞ்சாலோ, புக் பண்ண தேதில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும், இல்லன்னா ரோட்டுல சரக்கு கொண்டு போறதுக்கான 2007 கேரேஜ் பை ரோடு சட்டப்படி கேஸ் போட முடியாது. நாங்க ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு, பதில் இன்னும் வரல, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறோம்.