ஹேட்ச்பேக்கா, வேகனா?

எஸ்யூவி வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் அடுத்து வந்து தடுமாறும் இடம் இதுதான். ஹேட்ச்பேக் என்பது பின்கதவோடு முடிந்துவிடும் குட்டையான கார்; வேகன் அதையே கூரையோடும் டிக்கியோடும் பின்னால் நீட்டிய வடிவம். இரண்டு வடிவத்திலும் வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபை எடுத்துக்கொள்வோம்.

நீளம்: ஹேட்ச்பேக் சுமார் 4.28 மீட்டர், வேகன் சுமார் 4.63.
டிக்கி: ஹேட்ச்பேக்கில் சுமார் 380 லிட்டர்; வேகனில் 611.

35 சென்டிமீட்டர் நீளத்தைக் கூட்டினால் ஒன்றரை மடங்குக்கும் மேல் இடம். குழந்தையின் தள்ளுவண்டியை மடித்து வைத்த பிறகும் பெட்டிகளுக்கு இடம் மிஞ்சும். ஹேட்ச்பேக்கில் தள்ளுவண்டி ஏறியதுமே பாதி டிக்கி போய்விடும். ஆனால் வேகனில் இடம் இருக்கிறதே என்று சீட் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். திடீர் பிரேக்கில் எல்லாம் முன்னால் பாயும்; தடுப்பு வலை மாட்டுவது அவசியம்.

பார்க்கிங்: இதில் ஹேட்ச்பேக்தான். பேச்சே இல்லை.
ஓட்டம்: இரண்டும் தாழ்வானவை, வளைவில் அதிகம் சாயாது. கூரையில் சைக்கிள் ஏற்றவும் தோள் வலிக்காது.
விலை: வேகனுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல்.

சரி, ஃபோர்டு மேவரிக், ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்ற, கார் பாணியில் கட்டிய, பின்னால் திறந்த சாமான் தட்டுள்ள பிக்கப்கள்? சேறு படிந்த சாமான்களுக்கு அருமை. மேல்மூடி போடாவிட்டால் மழையில் பெட்டிகள் நனையும்.

ஒரு பிள்ளை, நகருக்குள் ஓட்டம் என்றால் ஹேட்ச்பேக் போதும். இரண்டு பிள்ளைகள், அடிக்கடி நெடும்பயணம் என்றால் நான் வேகன் பக்கம். தோட்ட வேலையும் மர வேலையும் வாராவாரம் இருப்பவர்கள் மட்டும் பிக்கப்பைப் பாருங்கள்.